சீசனுக்குக் காலி செய்தவர்கள்

போன மாதம் என்னை நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, சுவரை அடைத்த திரையில் சேலம் மாவட்டத்தையே விரித்துக் காட்டினீர்கள். வீடு போதாத இடமெல்லாம் சிவப்பு, போதுமான இடமெல்லாம் பச்சை. விரலால் தொட்டால் வாடகை வருகிறது, சம்பளம் வருகிறது, சம்பளத்தில் எவ்வளவு பங்கு வாடகைக்குப் போகிறது என்பதும் வருகிறது. நாங்கள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டு செய்ததை நீங்கள் காப்பி ஆறுவதற்குள் செய்துவிடுகிறீர்கள். பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஏற்காட்டைத் தொடச் சொன்னேன். பச்சை. "மலைமேல பிரச்சனையே இல்ல மேடம்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் சிரித்தேன். ரிட்டயர் ஆன அம்மாள் எதற்கோ சிரிக்கிறாள் என்று நீங்களும் கூடவே சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்குப் பஸ் நேரம் ஆகிவிட்டது, அன்று சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்குப் பாடம் நடத்த மாட்டேன், பயப்படாதீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பச்சை எங்களுக்கும் கிடைத்தது. ஏற்காட்டில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்காக அரசு வாடகைக் குடியிருப்பு கட்டலாமா என்று ஒரு யோசனை அப்போது இருந்தது. ஓட்டல் வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கடைப்பையன்கள், டிரைவர்கள் மாதிரி ஆட்களுக்கு. அதற்கு நிலம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். தேவை இருக்கிறதா, எவ்வளவு வாடகை அவர்களால் தாங்க முடியும் என்று கண்டு சொல்வது எங்கள் கணக்கெடுப்புப் பிரிவின் வேலை. தேவை இல்லையென்று நாங்கள் எழுதினால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும், அந்த நிலத்தில் சுற்றுலாக் காட்டேஜ் வரும்.

கணக்கெடுப்பை மே மாதத்தில் வைத்தோம். கல்லூரிப் பிள்ளைகளை வைத்துத்தான் வீடு வீடாகப் போக வேண்டும், அவர்களுக்கு லீவு அப்போதுதான் என்பது ஆபீஸ் சொன்ன காரணம். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். சேலத்தில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற மாதத்தில், மலைமேல் டியூட்டி போட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? தேதியைச் சொன்னதும் ஆபீசில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக டூர் என்றாலே முதுகுவலி வருகிறவர்கள் எல்லாம் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில்தான் எங்களுக்குச் சாப்பாடு. பனி இறங்கினால் டேப்லெட் திரை நனைந்து, விரல் வைத்தால் நகராது. பிள்ளைகள் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் மிளகாய் பஜ்ஜிக் கடைதான் எங்கள் ஆபீஸ். யார் வீட்டில் டீ கொடுத்தார்கள், யார் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்று சாயங்காலம் பேசிச் சிரித்தே களைத்துப் போவோம். அப்படி ஒரு கூட்டத்தோடு வேலை செய்கிற பாக்கியம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. சிடுசிடுவென்று இருப்பார். தப்பாகக் கூட்டிய கணக்கை மேஜையில் வைத்தால் பேசவே மாட்டார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார், அது போதும். அப்படிப்பட்ட மனிதருக்கு மலைப்பாதை மட்டும் ஒத்துக்கொள்ளாது. கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்தால், உச்சி வரும்வரை எடுக்க மாட்டார். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும்.

முடிவு வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சம் பேரும் சம்பளத்துக்குள் அடங்குகிற வாடகைதான் கட்டுகிறார்கள். பல வீடுகளில் சொந்தக்காரர்களே விடுதி நடத்துகிறார்கள். புது வீட்டுக்குத் தேவை இல்லை. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாக இருந்தது. நானே மூன்று தடவை சரிபார்த்தேன். கூட்டத்தில் வைக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

அறிக்கையைக் கட்டி முடித்த சாயங்காலம் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். அங்கே சமையல் செய்கிற சரோஜாவிடம் எங்கள் அதிகாரி இன்னொரு தோசை கேட்டார்.

"மாவு இருக்குதுங்க சார். ஊத்திக்கிட்டு நின்னா பஸ்ஸு போயிருமுங்க" என்றாள் சரோஜா.

"பஸ்ஸா? எங்க போகணும்?"

"அடிவாரத்துக்குங்க. அக்கா ஊட்டுக்கு."

"உங்க வீடு?"

"இங்கதானுங்க, ஏரிக்குப் பின்னால. சீசனுக்குக் காலி பண்ணிக் குடுத்திருக்கறமுங்க. ஜூன் பொறந்தா மறுபடி வந்துருவமுங்க."

அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "உக்காருங்கம்மா. பஸ் போனா நம்ம ஜீப்புல விடச் சொல்றேன்" என்றார்.

அவள் சொன்னது இதுதான். ஏற்காடு டவுனில் நடுத்தரமான வீடுகளை வருஷம் முழுக்க வாடகைக்கு விடுவதில்லை. கோடை வந்ததும் குடியிருப்பவர்கள் சாமான்களை எல்லாம் ஒரு ரூமில் அடைத்துப் பூட்டிவிட்டு, கீழே உறவுக்காரர் வீட்டுக்கு இறங்கிவிட வேண்டும். மிச்ச ரூம்களை வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். சீசன் முடிந்ததும் குடும்பம் திரும்பி வரும். அந்த நாட்களுக்கு வாடகை இல்லை. எங்கேயும் எழுதி வைத்த ஏற்பாடு இல்லை, ஆனால் எல்லோரும் அதன்படிதான் நடந்தார்கள். எங்கள் பிள்ளைகள் போன நேரம் குடியிருந்தவர்கள் கீழே இருந்தார்கள். வீட்டில் இருந்தது வீட்டுக்காரரும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பெங்களூர்க் குடும்பங்களும்தான்.

நான் ஏற்காட்டுக்குப் பக்கத்து நாகலூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். எனக்கே இந்தச் சங்கதி தெரியாது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு சீசன் என்றால் காப்பிப் பழம் பறிக்கிற சீசன். டவுன் வாடகை வீட்டின் கஷ்டம் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

"அப்புறம் என்ன, ஜூன்ல வந்துருவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"அதாங்கம்மா பயமா இருக்குது. வருஷா வருஷம் 'ஜூன்ல வந்துரு'ன்னு சொல்லித்தான் சாவி வாங்குவாருங்க. இந்தத் தடவை 'பாக்கலாம்'ங்கறாரு. இப்பத்தான் போன்லயே புக் பண்றாங்களே, வருஷம் பூராவும் ஆளு வருதாமா." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "புள்ள பத்தாவது போறாளுங்க, இங்க ஸ்கூல்ல. பஸ்ஸுல ஏறுனா வளைவுல குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுப்பா. அதுக்குப் பயந்துக்கிட்டுச் சாப்புடாமயே கெளம்புவா. வெறும் வயித்தோட போயி எப்புடிங்க படிப்பா? நொம்ப நல்லாப் படிக்கற புள்ளைங்க."

அந்த வளைவுகள் ஒரு வயிற்றை என்ன பாடு படுத்தும் என்று எங்கள் அதிகாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்தார். கூட்டத்தைத் தள்ளிப்போடக் கேட்டால், தாமதத்தைக் காரணம் காட்டித் திட்டத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஜூன் வரை காத்திருக்க வழியில்லை. "வீட்டைக் கேட்டது போதும். ஆளைக் கேப்போம். கீழ போனவங்க எல்லாரும் வேலைக்கு முதல் பஸ்ஸுல வர்றாங்க" என்றார். அடுத்த சில காலைகளில் நாங்கள் சேலத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸில் ஏறினோம். அவரும் வந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் டேப்லெட், முகம் வெளுத்துப்போய்க் கம்பியில் சாய்ந்து நின்றபடி கேள்வி கேட்டார். அந்தக் காலைகளில் நாங்கள் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பஸ் நிறைய சரோஜாக்கள். பெட்ஷீட் துவைக்கிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள், படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர்கள். கேட்டால் முதலில் எல்லோருக்கும் ஒரே பதில். "சும்மா சொந்தக்காரங்க ஊட்டுக்கு வந்தமுங்க." வீட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் காதில் விழுந்தால் ஜூனில் கதவு திறக்காது என்ற பயம்.

"உங்க பேரு என் கையத் தாண்டி வெளிய போகாது. யார் கேட்டாலும் தர மாட்டேன்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார். பஸ்ஸில் கத்தி அறிவிக்கவில்லை, ஆள் ஆளாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பேசினார்கள். சிலருக்கு ஏற்கெனவே ஜூன் இல்லையென்று ஆகியிருந்தது. சிலர் போன வருஷமே நிரந்தரமாக இறங்கிவிட்டார்கள். எங்கள் பச்சை நிறம் வளைவுக்கு வளைவு வெளுத்தது.

கூட்டம் ஏற்காட்டிலேயே நடந்தது. தலைமை வகித்தவர் சேலத்திலிருந்து வந்த மேலதிகாரி. வீடு வீடாகக் கேட்ட பழைய கணக்கையும் பஸ்ஸில் கேட்ட கணக்கையும் சேர்த்தே அறிக்கையில் வைத்திருந்தோம். ஊர்ப் பிரமுகர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரை எனக்குக் கணக்கெடுப்பிலேயே தெரியும். சரோஜா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரே மகளைக் கட்டிக்கொடுக்க அந்த சீசன் வருமானத்தை நம்பியிருந்தவர். பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது.

"ஏனுங்க சார், உங்க பழைய கணக்குலயே இருக்குதுங்களே. இங்க வாடகைக்கு இருக்கறவங்க எல்லாரும் தாங்கற வாடகைதான் குடுக்கறாங்கன்னு" என்றார்.

"தாங்க முடியாதவங்க கீழ போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்கள மட்டும் கேட்டா அப்படித்தான் வரும்" என்றார் எங்கள் அதிகாரி.

இந்த ஒரு வரியை மட்டும் உங்கள் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையை ஆராய்கிற வேலையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பள்ளம் அதுதான்.

வீட்டுக்காரர் விடவில்லை. "யாருங்க அப்படிப் போனவங்க? பேரைச் சொல்லுங்க. நாங்களே கூப்புட்டு ஊடு குடுத்துடறமுங்க. கெவர்மெண்டு எதுக்குங்க செலவு பண்ணோணும்?"

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். மேலதிகாரியும், "சரிதானே, விவரத்தைக் குடுங்க" என்றார்.

"பேரு என்கிட்ட இருக்கு சார். தர்றதுக்கில்ல."

"அப்ப நான் எதை வெச்சு நம்பறது?"

எங்கள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மேலதிகாரியையும் அப்படிப் பார்ப்பாரோ என்று நான் பயந்தேன். துடைத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்குக் காலைல முதல் பஸ் வர்றப்போ பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க சார். கண்ணால பாருங்க" என்றார். அவரும் ஒப்புக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

காலையில் பனி விலகாத பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். மேலதிகாரி வந்தார். கூடவே ஊர்ப் பிரமுகர்களும் வந்தார்கள், வீட்டுக்காரரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது. பேரைத் தர மாட்டோம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, அந்த ஆட்களின் முகத்தையே வீட்டுக்காரர்கள் எதிரில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறோம். எங்கள் அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு அனுபவம், அவசரத்தில் இதை யோசிக்கவில்லை. நீங்கள் பேரை அழித்துவிட்டு ஊர், தெரு, வேலை, வயது எல்லாவற்றையும் திரையில் விடுகிறீர்களே, அப்போதெல்லாம் எனக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வருகிறது.

பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்களைப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலதிகாரி ஒருவரை நிறுத்தி, "நீங்க எங்கம்மா குடியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"சேலமுங்க. எப்பவும் சேலந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வேகமாகப் போய்விட்டாள். இன்னொருவரும் அப்படியே சொன்னார். வீட்டுக்காரர் அங்கே நின்றதே போதுமாக இருந்தது. மேலதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "என்ன இது?" என்றார்.

எங்கள் அதிகாரி அந்த இடத்தில் செய்ததை நான் மறக்க மாட்டேன். பையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் நிரூபித்திருக்கலாம். "போதும் சார். யாரையும் கேக்க வேண்டாம். கெளம்புவோம். நான் குடுத்த அறிக்கைய நீங்க தள்ளுபடி பண்ணிக்கலாம்" என்றார். அத்தனை நாள் வேலை, அவர் பேர், திட்டம், எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஜீப்பை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டோம். சரோஜா பஸ்ஸைவிட்டு இறங்கி, கம்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். அவள் எங்களிடம் பேசியது அங்கே யாருக்கும் தெரியாது. நேராக மேலதிகாரிக்கு முன்னால் வந்து நின்றாள். வீட்டுக்காரர் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணா. உங்களக் கொற சொல்லலீங்க" என்றாள். பிறகு மேலதிகாரியிடம் திரும்பினாள். "நான் இந்த ஊருதானுங்க சார். இங்கதான் வேலை. இங்க எனக்கு ஊடு இல்லீங்க. எம் புள்ள படிக்கோணும், எனக்கு ஊடு வேணுமுங்க."

முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓட்டல் ஆட்கள் சிலரும் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள்.

அன்று மத்தியானம் மெஸ்ஸில் அவளைத் தனியாகப் பிடித்தேன். "நாங்க உங்க பேரச் சொல்லவே இல்லையேம்மா. ஏன் வந்து சொன்னீங்க?" என்றேன்.

"சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதனாலதானுங்க" என்றாள். "சார் எங்களுக்கோசரம் தோத்துட்டுப் போறாரு. பாத்துக்கிட்டு எப்புடிங்கம்மா சும்மா போறது?"

திட்டம் அனுமதி ஆனது. ஆனால் அனுமதி வேறு, கட்டிடம் வேறு, அதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். வீட்டுக்காரர் அந்த ஜூனில் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மகள் பத்தாவது முழுக்கப் பஸ்ஸில் வந்து போனாள், பல நாள் வெறும் வயிற்றோடு. பாஸ் பண்ணினாள், அம்மா எதிர்பார்த்த மார்க் வரவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

குடியிருப்பு எழும்புவதற்குள் எங்கள் அதிகாரி ரிட்டயர் ஆனார், அதைப் பார்க்காமலே போயும் சேர்ந்தார். குலுக்கலில் சரோஜாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு ஹால், ஒரு ரூம், சின்னச் சமையலறை. அவள் சம்பளத்துக்கு அடங்குகிற வாடகை. மகள் அப்போது சேலத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

அவள் குடிபோன பிறகு வந்த முதல் மே மாதத்தில், நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனேன். ரோடெல்லாம் கார் நின்றது. நாடு முழுக்கக் குளிருக்காக மலை ஏறி வந்திருந்தது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். வீடு எப்படி இருக்கிறது, வாடகை கட்ட முடிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்குதுங்க" என்றாள். எழுந்து கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"கண்ணாலம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து, எல்லா மே மாசமும் அடிவாரத்து வெக்கையில விசிறிக்கிட்டேதானுங்க படுத்திருக்கறேன்" என்றாள் சரோஜா. "நேத்து என்ர ஊட்ல போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்தனுங்கம்மா."